கார் இரவில் எங்கே நிற்கும்? பிரிட்டனில் புது லீஃப், கொரோலா ஹைபிரிட், கஷ்காய் இ-பவர், சீன பிளக்-இன்: ஓர் ஒப்பீடு

பிரிட்டனில் 2025-ல் 20 லட்சத்துக்கும் மேல் புதுக் கார்கள் பதிவாகின. 2019-க்குப் பிறகு அந்த எண்ணிக்கையை எட்டியது இதுதான் முதல் முறை. அவற்றில் ஏறத்தாழ நான்கில் ஒன்று முழு மின்சாரக் கார். ஷோரூமுக்குள் நுழைந்தால் பெட்ரோல், மைல்டு ஹைபிரிட் (எஞ்சினுக்குச் சிறு மின்மோட்டார் துணை மட்டும்), ஃபுல் ஹைபிரிட் (சிறிது தூரம் மின்சாரத்திலேயே ஓடும், வெளியிலிருந்து ஏற்ற முடியாது), பிளக்-இன் (வெளியிலிருந்து ஏற்றும் பேட்டரியும் பெட்ரோல் எஞ்சினும்), மின்சாரம் என்று ஐந்து வகை வரிசையில் நிற்கும். பத்து ஆண்டுகளுக்கு முன் பலர் கேட்டே இராத சீனப் பெயர்கள் பாதிக் கூடத்தை நிறைத்திருக்கும். பெரும்பாலானோர் முதலில் மாடலைப் பிடித்துவிட்டு, எரிபொருளைப் பிறகு யோசிக்கிறார்கள். அதைத் திருப்பிப் போட வேண்டும். கார் இரவில் எங்கே நிற்கப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்தால் ஐந்து வகையில் மூன்று தானாகவே விலகிவிடும்.

குடும்பத்துக்கு ஏற்ற அளவில், ஏறக்குறைய 30,000 முதல் 36,000 பவுண்ட் வரை விலையுள்ள நான்கை இங்கே எடுத்துக்கொள்வோம். சண்டர்லாந்தில் தயாராகும் மூன்றாம் தலைமுறை நிசான் லீஃப், அதே ஆலையின் கஷ்காய் இ-பவர், டார்பிஷயரின் பர்னாஸ்டனில் தயாராகும் டொயோட்டா கொரோலா ஹைபிரிட், சீனாவிலிருந்து வரும் ஜெய்கூ 7 பிளக்-இன். முதல் மூன்றும் பிரிட்டனிலேயே தயாராகுபவை. அவற்றைத் தேர்ந்ததற்கு உணர்ச்சி மட்டும் காரணமில்லை, அரசு மானியத்துக்கும் கார் தயாராகும் இடத்துக்கும் தொடர்பு உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

மைலுக்கு எத்தனை பென்ஸ்

லீஃப் ஒரு யூனிட்டுக்கு 3.5 மைல் ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் நகருக்குள் இதைவிடக் கூடும். ஜனவரியில் மோட்டார்வேயில் 2.8-க்கு இறங்கும். கொரோலா நிஜ ஓட்டத்தில் காலனுக்கு 55 மைல், கஷ்காய் இ-பவர் 50 மைல், பெட்ரோல் லிட்டர் 135 பென்ஸ் என்று கணக்கிட்டால், ஆண்டுக்கு 10,000 மைலுக்கான செலவு இப்படி வரும்.

லீஃப், வீட்டில் இரவுச் சலுகை நேரத்தில், யூனிட் 7.5 பென்ஸ்: 214 பவுண்ட்.
லீஃப், வீட்டில் சாதாரண விலையில், யூனிட் 26 பென்ஸ்: 743 பவுண்ட்.
கொரோலா: 1,116 பவுண்ட்.
கஷ்காய் இ-பவர்: 1,227 பவுண்ட்.
லீஃப், எப்போதும் பொது அதிவேகச் சார்ஜரில், யூனிட் 79 பென்ஸ்: 2,257 பவுண்ட்.

பட்டியலில் மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒரே கார்தான். வீட்டு மின்சாரத்துக்கு 5 சதவீத வாட் வரி, தெருவிலுள்ள சார்ஜருக்கு 20 சதவீதம். அதோடு வேகச் சார்ஜருக்கு வேண்டிய மின் இணைப்பு, நில வாடகை, கருவியின் விலை எல்லாம் யூனிட் விலையில் ஏறுகின்றன. ஆகவே "மின்சாரக் கார் மலிவா?" என்பதற்கு ஒற்றை விடை கிடையாது. டிரைவ்வே (வீட்டு முற்றத்திலேயே கார் நிறுத்தும் இடம்) உள்ள வீட்டுக்காரருக்கு ஒரு விடை, மாடி ஃப்ளாட்டில் இருப்பவருக்கு இன்னொரு விடை.

பலரும் இடைப்பட்ட நிலையில்தான் இருக்கிறார்கள்: பாதி வீட்டில், பாதி வெளியில். இரவுச் சலுகையில் ஏற்றுபவர், மொத்த மைலில் சுமார் 44 சதவீதத்தைப் பொது அதிவேகச் சார்ஜரில் ஓட்டினால் கொரோலாவின் எரிபொருள் செலவுக்குச் சமமாகிவிடுவார். 2028 ஏப்ரல் முதல் மின்சாரக் கார்களுக்கு மைலுக்கு 3 பென்ஸ் வரி அறிவிக்கப்பட்டிருக்கிறது; பிளக்-இன் ஹைபிரிடுக்கு 1.5 பென்ஸ். 10,000 மைலுக்கு அது 300 பவுண்ட். அதையும் சேர்த்தால் 44 என்பது 30 ஆக இறங்கும். வீட்டிலேயே ஏற்றுபவருக்கு இந்த வரி வந்த பிறகும் லீஃப் கொரோலாவின் பாதிச் செலவில் ஓடும். வெளியில் மட்டுமே ஏற்றுபவருக்கோ புண்ணில் உப்பு.

மூன்று முதல் ஐந்து ஆண்டு வைத்திருக்கப் போகிற காருக்கு 2028 தூரமே இல்லை. இந்த வரியை விட்டுவிட்டு யாராவது கணக்குப் போட்டுக் காட்டினால் அதை நம்பாதீர்கள்.

டிரைவ்வே இருந்தால்: மீட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள்

காரை டெஸ்ட் டிரைவ் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. மீட்டருக்குக் கீழே, தெருவிலிருந்து வரும் தடித்த கேபிள் நுழைகிற சீல் வைத்த பெட்டியே கட்-அவுட். அதற்குள்தான் வீட்டின் மெயின் ஃபியூஸ் இருக்கிறது. வெளியே 60, 80, 100 ஆம்ப் என்று எழுதியிருக்கலாம். ஆனால் உள்ளிருக்கும் ஃபியூஸ் அதற்குப் பொருந்தாமலும் இருக்கலாம். சீலை நீங்கள் உடைக்கக்கூடாது.

வீட்டுச் சார்ஜர் 7.4 கிலோவாட், அதாவது 32 ஆம்ப் இழுக்கும். மின்சார ஷவர் ஒன்றே 40 ஆம்ப் வரை இழுக்கக்கூடியது. இரண்டும் ஓவனும் சேர்ந்து ஓடினால் 60 ஆம்ப் ஃபியூஸ் தாங்காது. அதனால்தான் நல்ல எலக்ட்ரீஷியன் மெயின் கம்பியில் ஒரு சி.டி. கிளாம்ப் (ஓடும் மின்னோட்டத்தை அளக்கும் வளையம்) மாட்டுவார். வீட்டின் மொத்தச் சுமை எல்லையை நெருங்கினால் சார்ஜர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விலை மதிப்பீடு கேட்கும்போது இதுவும் அந்த விலையில் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது லூப். பழைய வரிசை வீடுகளில் இரண்டு வீட்டுக்குச் சேர்த்து ஒரே கேபிளை இழுத்திருப்பார்கள். உங்கள் கட்-அவுட்டில் ஒன்றுக்குப் பதில் இரண்டு தடித்த கேபிள்கள் தெரிந்தால், ஒன்று அடுத்த வீட்டுக்குப் போகிறது என்று கொள்ளலாம். சார்ஜர் போடுவதற்கு முன் அதைப் பிரிக்க வேண்டியிருக்கும். பகுதி மின்வலை நிறுவனம் பொதுவாக இதற்குக் காசு கேட்பதில்லை. ஆனால் முன்முற்றத்தைத் தோண்ட வேண்டும், அண்டை வீட்டார் சம்மதிக்க வேண்டும். வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். கார் வந்து நின்ற பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள்தான் பொதுச் சார்ஜரில் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

மூன்று முள் பிளக்கில் ஏற்றினால் என்ன? முடியும். மணிக்கு 2.3 யூனிட், பத்து மணி நேரத்தில் 23 யூனிட், 80 மைல். தினம் 25 மைல் ஓட்டுபவருக்கு இது போதும். ஆனால் பல வீட்டுச் சாக்கெட்டுகள் இரவு முழுக்கத் தொடர்ந்து 10 ஆம்ப் தாங்குவதற்கு ஏற்ற நிலையில் இருப்பதில்லை. முள் நுழையும் இடம் சூடேறி, பிளாஸ்டிக் பழுப்பேறி, கருகல் வாடை வரும். சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் ரீலில் மாட்டுவது தீ வைப்பதற்குச் சமம். தனி சர்க்யூட்டில் வெளிப்புறச் சாக்கெட் இருந்தால் மட்டும், அதுவும் தற்காலிகமாக.

சார்ஜர் பொருத்த பொதுவாக 800 முதல் 1,200 பவுண்ட் ஆகும். மேலே உள்ள கணக்குப்படி கொரோலாவோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு 900 பவுண்ட் மிச்சம். ஏறக்குறைய ஓராண்டில் சார்ஜர் தன் விலையை மீட்டுவிடும்.

லீஃப்: இந்தத் தலைமுறையில் என்ன மாறியது

பழைய லீஃபின் பெரிய குறை அதன் சாடெமோ சார்ஜிங் முனை. பிரிட்டனில் புதிதாக முளைத்த சார்ஜர்களில் அந்தக் கேபிள் அருகிப்போய்விட்டது. பேட்டரியைத் திரவத்தால் குளிர்விக்கும் ஏற்பாடும் அதில் இல்லை; நெடும்பயணத்தில் இரண்டாவது முறை ஏற்றும்போது வேகம் தடுமாறும். புதியதில் இரண்டும் சரியாகிவிட்டன: எல்லா இடத்திலும் இருக்கும் சி.சி.எஸ். முனை, திரவக் குளிர்விப்பு. 2025 டிசம்பரில் சண்டர்லாந்தில் உற்பத்தி தொடங்கியது. பேட்டரியும் அதே ஊரில் ஏ.இ.எஸ்.சி. என்ற பேட்டரி நிறுவனத்தின் ஆலையில் தயாராகிறது.

பேட்டரி 52 யூனிட், 75 யூனிட் என இரண்டு அளவு. பெரியதற்கு 386 மைல் வரை என்று அதிகாரபூர்வ எண். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், 75-ஐ 3.5-ஆல் பெருக்கினால் 262, குளிர்கால மோட்டார்வேயில் 2.8-ஆல் பெருக்கினால் 210. லண்டனிலிருந்து லெஸ்டருக்குப் போய்த் திரும்ப அது போதும். லண்டனிலிருந்து சண்டர்லாந்துக்கு ஒருமுறை நிறுத்தியாக வேண்டும்: 150 கிலோவாட் சார்ஜரில் 20-லிருந்து 80 சதவீதத்துக்கு சுமார் அரை மணி நேரம். 80-க்கு மேல் வேகம் சரியும் என்பதால் அதற்குப் பிறகு காத்திருப்பது வீண். வீட்டில் ஆறு மணி நேர இரவுச் சலுகையில் 44 யூனிட் ஏறும், அதாவது சுமார் 155 மைல். தினமும் அவ்வளவு ஓட்டுபவர் குறைவு என்பதால், நகரத்தோடு சரி என்பவருக்கு 52 யூனிட்டே போதும்.

விலையில் அரசின் மின்சாரக் கார் மானியம் பேசுகிறது. 2025 ஜூலையில் அறிவித்த இந்தத் திட்டத்தில் 37,000 பவுண்டுக்குள் இருக்கும் கார்களுக்கு 3,750 அல்லது 1,500 பவுண்ட் கழிவு. இரண்டில் எந்தத் தொகை என்பதைக் காரும் பேட்டரியும் தயாராகும் நாட்டின் மின்சாரம் எவ்வளவு கரி உமிழ்கிறது என்பதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். லீஃபுக்கு முழு 3,750 கிடைக்கிறது. நிலக்கரி மின்சாரம் மிகுந்த நாட்டில் தயாராகும் கார் இதில் தேறுவது கடினம். சீனத் தயாரிப்புகள் பட்டியலுக்கு வெளியே நிற்பது அதனால்தான். நீங்கள் விண்ணப்பம் எதுவும் போட வேண்டாம்; விற்பனையாளரே விலையில் கழித்துக் காட்ட வேண்டும்.

இதே மானியத்தின் முழுத் தொகை ஃபோர்டு பூமா ஜென்-ஈக்கும் உண்டு. கார் ருமேனியாவில் தயாராகிறது, அதன் மோட்டார் தொகுதி மட்டும் மெர்சிசைடின் ஹேல்வுட் ஆலையிலிருந்து போகிறது. பேட்டரி 43 யூனிட்தான். இரண்டாவது காராக வாங்குபவருக்கு ஏற்றது, ஒரே கார் வைத்திருக்கும் குடும்பத்துக்குச் சிறிது. மினி விரும்பிகளுக்கு ஒரு தகவல்: பெட்ரோல் மினி கூப்பர் ஆக்ஸ்ஃபோர்டில் தயாராகிறது, மின்சாரக் கூப்பர் சீனாவிலிருந்து வருகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் மின்சாரக் கார் தயாரிக்கும் 60 கோடி பவுண்ட் திட்டம் 2025 பிப்ரவரியில் நிறுத்தி வைக்கப்பட்டது.

பின் இருக்கையில் வளர்ந்தவர் ஒருவரை உட்கார வைத்துப் பார்க்காமல் எந்த மின்சாரக் காரும் வாங்காதீர்கள். தரைக்கடியில் பேட்டரி இருப்பதால் தரை உயர்ந்து, முழங்கால் மேலே தூக்கி, தொடைக்குத் தாங்கல் இல்லாமல் போகும். பத்து நிமிட டெஸ்ட் டிரைவில் ஓட்டுநருக்கு இது தெரியாது. வயதான அம்மா அப்பாவை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் போகும்போது தெரியும்.

டிரைவ்வே இல்லாவிட்டால்: கொரோலாவா, இ-பவரா

கொரோலா ஹைபிரிடில் வழக்கமான கியர்பாக்ஸ் இல்லை, கிளட்ச் இல்லை, தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை. கோள்கியர் தொகுதி ஒன்றில் எஞ்சினும் இரண்டு மின்மோட்டார்களும் சேர்கின்றன. கெட்டுப்போக உதிரிபாகம் குறைவு என்பதுதான் இதன் பலம். டாக்சி ஓட்டுபவர்கள் டொயோட்டா ஹைபிரிடை விடாமல் பிடித்திருப்பதற்கு வேறு ரகசியம் இல்லை. டொயோட்டா டீலரிடம் ஆண்டு சர்வீஸ் செய்தால் ஒவ்வொரு முறையும் வாரண்டி நீளும், 10 ஆண்டு அல்லது 100,000 மைல் வரை.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஹைபிரிட் பேட்டரிக்குக் காற்று இழுக்கும் துளை பின் இருக்கைக்குக் கீழே இருக்கிறது. நாய் முடியும் பிஸ்கட் தூளும் அதன் வடிகட்டியை அடைத்தால் பேட்டரி சூடாகி ஆயுள் குறையும். சர்வீஸில் அதைச் சுத்தம் செய்தார்களா என்று கேட்டு வாங்குங்கள். பிரேக்கின் பெரும்பகுதி வேலையை மோட்டாரே செய்துவிடுவதால் பின் டிஸ்குகள் உராயாமல் துருப்பிடிக்கும், எம்.ஓ.டி. என்ற கட்டாய வாகனத் தகுதிச் சோதனையில் அது வந்து நிற்கும். வாரம் ஒருமுறை வெற்றுச் சாலையில் நன்றாக அழுத்தி நிறுத்தினால் தட்டு சுத்தமாக இருக்கும். மூன்று வாரம் ஊருக்குப் போய் வந்தால் 12 வோல்ட் பேட்டரி இறங்கியிருக்கலாம். ரெடி என்ற விளக்கு எரியும் நிலையில் ஒரு மணி நேரம் விட்டால் அது ஏறிவிடும்; வெறுமனே இக்னிஷனை மட்டும் போட்டு வைத்தால் இன்னும் இறங்கும்.

1.8 எஞ்சினா 2.0 எஞ்சினா என்று கேட்டால், ஹேட்ச்பேக்கில் 1.8 எடுங்கள். 2.0-ல் டிக்கி 361 லிட்டரிலிருந்து 313 லிட்டராகச் சுருங்குகிறது. தள்ளுவண்டி, இரண்டு பெட்டி, 20 கிலோ அரிசி மூட்டை என்று ஏற்றுகிற குடும்பம் எஸ்டேட் வடிவையே பார்க்கலாம்.

கஷ்காய் இ-பவர் வேறு மாதிரி. இதில் 1.5 லிட்டர் எஞ்சின் சக்கரத்தை ஒருபோதும் சுழற்றுவதில்லை. மின்சாரம் உண்டாக்க மட்டுமே ஓடும், சக்கரத்தைத் திருப்புவது மின்மோட்டார். பேட்டரி 2.1 யூனிட்தான், வெளியிலிருந்து ஏற்ற முடியாது. ஓட்டும்போது மின்சாரக் கார்போலவே வழுக்கிக்கொண்டு போகும். நகர நெரிசலில் கொரோலாவைவிட இதம். சிக்கல் மோட்டார்வேயில். எஞ்சினின் ஆற்றலை மின்சாரமாக்கி, அதைத் திரும்ப இயக்கமாக்கும் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் இழப்பு உண்டு. சீரான 70 மைல் வேகத்தில் எஞ்சினைச் சக்கரத்தோடு நேராக இணைக்கும் அமைப்புகள் அங்கே முந்திவிடும். 2025-ல் வந்த மேம்படுத்திய எஞ்சின் இந்த இடைவெளியைக் குறைத்து, அதிகாரபூர்வ எண்ணைக் காலனுக்கு 62.8 மைலாக உயர்த்தியது. ஆனாலும் எம்1, எம்6 என்று வாரம் 500 மைல் போகிறவருக்கு கொரோலாதான். உயரமான இருக்கை, அகலமான கதவு, பிள்ளை இருக்கையைக் குனியாமல் மாட்டும் வசதி வேண்டும் என்பவருக்கு கஷ்காய்.

இ-பவரின் உயர் டிரிம்களில், அதாவது வசதி கூடிய வகைகளில், ஒரு பொறி. பட்டியல் விலை 40,000 பவுண்டைத் தாண்டினால் இரண்டாம் ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குக் கூடுதல் சாலை வரி உண்டு. 2025-26 விகிதத்தில் ஆண்டுக்கு 425, மொத்தம் 2,125 பவுண்ட். பட்டியல் விலை என்பதில் உலோக நிறப் பெயிண்டும் கண்ணாடிக் கூரையும் சேரும், டீலர் தந்த தள்ளுபடி கழியாது. 39,800 பவுண்ட் காருக்கு 700 பவுண்ட் பெயிண்ட் போட்டால் அந்தப் பெயிண்டின் உண்மை விலை 2,825. மின்சாரக் கார்களுக்கு இந்த எல்லை 2026 ஏப்ரலிலிருந்து 50,000.

ஜெய்கூ 7 பிளக்-இன்: யாருக்கு

18.3 யூனிட் பேட்டரி, மின்சாரத்தில் 56 மைல் வரை, 7 ஆண்டு வாரண்டி. உள்ளே ஏறி அமர்ந்தால் இதே விலையில் இவ்வளவு வசதியா என்றுதான் தோன்றும். சீனாவில் தயாரான முழு மின்சாரக் கார்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2024 அக்டோபரில் போட்ட கூடுதல் சுங்கத்தை பிரிட்டன் போடவில்லை. சீன பிராண்டுகள் இங்கே இத்தனை வேகமாகப் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம்.

தினம் 40 மைலுக்குள் ஓட்டி, வீட்டில் ஏற்றி, மாதம் இரண்டு முறை நீண்ட தூரம் போகிறவருக்கு இது பொருந்தும். ஒரு முழுச் சார்ஜ் இரவு விலையில் 1.37 பவுண்ட்தான். ஏற்ற இடமில்லாதவர் இதை வாங்கவே கூடாது. வெற்றுப் பேட்டரியைச் சுமந்துகொண்டு பெட்ரோலில் ஓடும் கனமான கார் கொரோலாவைவிட அதிகம் குடிக்கும். பேட்டரியும் மோட்டாரும் ஒரு பக்கம், எண்ணெய் மாற்றம், பிளக், எக்ஸாஸ்ட் என எஞ்சினின் எல்லாப் பராமரிப்பும் இன்னொரு பக்கம். புது பிராண்டு என்பதால் ஆர்டர் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: மோதலில் பம்பரும் விளக்கும் உடைந்தால் உதிரிபாகம் எங்கிருந்து, எத்தனை நாளில் வரும், உங்கள் ஊருக்கு 20 மைலுக்குள் சர்வீஸ் மையம் உண்டா, உங்கள் பெயரில் காப்பீட்டுக் கட்டணம் எவ்வளவு. மூன்றாவதை நான்கு கார்களுக்கும் ஒரே நாளில் எடுத்துப் பாருங்கள். 25 வயதுக்குக் கீழ் ஓட்டுநர் ஒருவர் பாலிசியில் இருந்தால், மாதத் தவணையில் மிச்சமானதைக் காப்பீடு விழுங்கிவிடும்.

எப்போது, எப்படி வாங்குவது

மார்ச் 1, செப்டம்பர் 1 இரண்டிலும், கார் பதிவான காலத்தைக் காட்டும் புது நம்பர் பிளேட் வரும். அதற்கு முந்தைய மாதங்களில் பழைய பிளேட் காரைத் தள்ளிவிட டீலர் இறங்கி வருவார். காலாண்டு முடியும் கடைசி வாரமும் பேரத்துக்கு நல்ல நேரம். மின்சாரக் கார்களில் இன்னொரு அழுத்தமும் இருக்கிறது. விற்கும் கார்களில் இத்தனை சதவீதம் உமிழ்வற்றதாக இருக்க வேண்டும் என்ற சட்டம் 2024-ல் 22-லிருந்து தொடங்கி 2026-ல் 33, 2030-ல் 80 என்று ஏறுகிறது. தவறும் ஒவ்வொரு காருக்கும் நிறுவனம் 12,000 பவுண்ட் வரை அபராதம் கட்ட நேரலாம். அதனால் மானியத்துக்கு மேலும் தள்ளுபடி கேட்க உங்களுக்கு இடமிருக்கிறது.

ஆனால் புதுக் காரின் தள்ளுபடி பழைய காரின் விலையை இழுத்துக் கீழே போடும். மின்சாரக் காரை முழுப் பணம் கொடுத்து வாங்கினால் அந்த இழப்பு உங்கள் தலையில். பி.சி.பி. என்ற தவணைத் திட்டத்தில் (கடைசியில் ஒரு பெருந்தவணை கட்டிக் காரை வைத்துக்கொள்ளலாம், அல்லது திருப்பித் தரலாம்) மூன்று ஆண்டு கழித்து காரின் மதிப்பு இவ்வளவு என்று கடன் நிறுவனமே உறுதி சொல்கிறது. சந்தை அதற்குக் கீழே போனால் சாவியைக் கொடுத்துவிட்டு நடக்கலாம். ஆகவே லீஃபையும் ஜெய்கூவையும் பி.சி.பி.யிலும், பத்தாண்டு வைத்திருக்கும் எண்ணத்தில் கொரோலாவை ரொக்கத்திலோ வழக்கமான தவணையிலோ எடுப்பது புத்திசாலித்தனம். வேலையிடத்தில் சம்பளப் பிடித்தத் திட்டம் (வரிக்கு முந்தைய சம்பளத்திலிருந்து கார் தவணையைக் கழிப்பது) இருந்தால் மின்சாரக் காருக்கு அதை முதலில் கேளுங்கள். 2026-27-ல் அப்படி எடுக்கும் மின்சாரக் காருக்கான கம்பெனிக் கார் வரி காரின் மதிப்பில் 4 சதவீதத்துக்கு மட்டுமே கணக்கிடப்படுகிறது.

பி.சி.பி. ஒப்பந்தத்தில் மைல் வரம்பைக் குறைத்துப் போட்டு தவணையை இறக்கிக் காட்டுவது வழக்கமான வேலை. ஆண்டுக்கு 6,000 என்று கையெழுத்திட்டு 10,000 ஓட்டினால் மூன்று ஆண்டில் 12,000 மைல் கூடுதல். மைலுக்கு 10 பென்ஸ் என்றாலும் கடைசியில் 1,200 பவுண்ட் பில் வரும். இடையில் வேலை போனாலோ ஊர் மாறினாலோ, 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டப்படி மொத்தத் தொகையில் பாதியைக் கட்டியிருந்தால் காரைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்தை முடிக்கலாம். அந்த மொத்தத்தில் கடைசிப் பெருந்தவணையும் சேரும் என்பதால், மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் பாதி என்பது முடிவுக்கு நெருக்கத்தில்தான் வரும்.

ஆர்டர் படிவத்தில் நான்கு விஷயம் எழுத்தில் இருக்கட்டும்: மானியம் கழித்த விலை, எதிர்பார்க்கும் டெலிவரித் தேதி, பழைய காருக்குத் தரும் தொகை எந்தத் தேதி வரை செல்லும், தாமதமானால் முன்பணம் திரும்புமா. டெலிவரி நாளில் மழையாக இருந்தால் காரை உள்ளே நிறுத்தித் துடைக்கச் சொல்லி, விளிம்புகள், வீல், கண்ணாடி எல்லாவற்றையும் படம் எடுத்த பிறகு கையெழுத்திடுங்கள். மின்சாரக் காராக இருந்தால் சார்ஜ் கேபிள் டிக்கியில் இருக்கிறதா என்று பாருங்கள். 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வாங்கும்போதே இருந்த கோளாறு முதல் 30 நாளுக்குள் வெளிப்பட்டால் காரை நிராகரித்து முழுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆகவே அந்த மாதத்துக்குள்ளேயே ஒரு நீண்ட மோட்டார்வேப் பயணமும், லீஃபோ ஜெய்கூவோ என்றால் பொதுச் சார்ஜர் ஒன்றில் ஏற்றிப் பார்ப்பதும் முடிந்திருக்க வேண்டும்.